அடுத்த வீட்டு அழுகுரல்

1873-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நியூயார்க் நகரத்திலே ஏழைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு வட்டாரத்தில் சமயத் தொண்டு செய்துவந்த எட்டா வீலர் என்னும் மாது, ஒரு தம்பதியர் தம்மிடமிருந்த சிறுமியை அறைக்குள் பூட்டிவைத்தும் சவுக்கால் அடித்தும் வதைக்கிறார்கள் என்று அங்கிருந்த ஒருத்தியின் வாயிலாகக் கேள்வியுற்றார். அதற்குள் அக்குடும்பம் வேறிடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அங்கும் தேடிச் சென்ற வீலர், பக்கத்து அறையில் க்ஷயரோகத்தால் படுக்கையோடு கிடந்த ஓர் இளம் பெண்ணை விசாரிக்க, சுவருக்கு அப்பாலிருந்து வந்த ஓலத்தை அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது வெளிப்பட்டது. மேரி எல்லன் என்ற அச்சிறுமிக்கு வயது ஒன்பது. உடலோ ஐந்து வயதுக் குழந்தையின் உடல். கடும் பனிக்காலத்தில் வெறுங்கால். கைகளிலும் கால்களிலும் சவுக்கின் தழும்புகள்.

இரண்டு குடியிருப்புகளில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள்! அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பிறர் கிருகத்து விவகாரத்தில் தலையிடுவது மரியாதையல்ல என்ற சங்கோசமும், நாளைக்கும் அதே மாடிப்படியில் முகம் பார்த்தாக வேண்டுமே என்ற அச்சமும், அடித்து வளர்த்தால்தான் பிள்ளை உருப்படும் என்று தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன அபிப்பிராயமும் நல்லவர்களின் நாவையே கட்டிவிடுகின்றன. இவற்றினும் கொடியது, நம்மைவிட நெருங்கிப் பழகியவர் எவரேனும் இதற்குள் சொல்லியிருப்பார் என்ற நம்பிக்கை. ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் பதறி எழுந்திருக்கக்கூடிய அழுகுரலைப் பத்துப் பேர் கேட்கும்போது, பத்துப் பேரும் மற்ற ஒன்பது பேரை நம்பி வாளாவிருந்துவிடுகிறார்கள்.

வீலர் பல மாதங்கள் அலைந்தார். போனவிடமெல்லாம் சாட்சியம் கேட்டார்கள். இறுதியில், 1866-இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் என்பவரிடம் முறையிட்டார். மிருகங்களுக்கான சட்டத்தைக் கொண்டே சிறுமி மீட்கப்பட்டாள் என்று பலரும் சொல்வது பிழை. பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரி நாடியது, சட்டவிரோதமாக அடைபட்ட மனிதரை விடுவிக்க ஏற்கெனவே இருந்த சட்டத்தையே. 1874 ஏப்ரலில் சிறுமி நீதிமன்றத்திலே தானே சாட்சி சொன்னாள். வளர்த்தவளுக்கு ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே நியூயார்க்கில் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. ஆகவே, நெடுநாள் இல்லாதிருந்தது சட்டமன்று. கண்டதை உரிய இடத்தில் எடுத்துரைக்கும் ஒரு வாய்தான்.

வதைபடும் குழந்தையிடம் கவனிக்கத்தக்க குறிகள் பல. வெவ்வேறு நாளில் பட்டதாகத் தோன்றும் காயங்கள், வேனிற்காலத்திலும் உடம்பை மூடி மறைக்கும் உடை, அயல்வீட்டில் சோறு கேட்கும் பசி, காரணமின்றி நின்றுபோன பள்ளிக்கூடம், பெரியவர் கை உயர்ந்த மாத்திரத்தில் ஒடுங்கும் உடல் என்பன அவற்றுட் சில. இவற்றுள் ஒன்று மட்டும் எதையும் நிரூபித்துவிடாது. நிரூபிப்பது அயலாரின் வேலையுமன்று.

நம் இந்திய நாட்டில் இத்தகைய ஐயத்தை 1098 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி எவரும் தொலைபேசியில் சொல்லலாம். விசாரிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றமாயின் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது, சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடரலாகாது என்றும் அதே சட்டம் விதித்திருக்கிறது.