இடுப்பில் தொங்கிய முதலைக் குட்டி

மாதுங்கா ஐந்து தோட்டத்தில் காலை ஆறரை மணிக்கு நம்மவர்கள் பலரைப் பார்க்கலாம். வேட்டியோ அரை நிஜாரோ, காலில் மட்டும் எல்லோருக்கும் கேன்வாஸ் ஷூ. சிலர் நடப்பார்கள். சிலர் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து நாட்டைத் திருத்துவார்கள். நான் பல ஆண்டுகளாக பெஞ்சுக் கட்சி.

எனக்குச் சர்க்கரை. தினம் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. வீட்டை விட்டுக் கிளம்புவேன், சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவேன். நடுவில் நடந்தேனா, உட்கார்ந்தேனா என்று யாரும் கேட்டதில்லை, 2010 டிசம்பர் வரையில்.

அந்த மாதம் என் மைத்துனர் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தான். பத்து வயதுப் பேரனுக்கு 'சோல்சில்வர்' என்ற போக்கிமான் விளையாட்டு வாங்கி வந்திருந்தான். நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டியில் போட்டு ஆடுவது. ஜப்பானில் 2009 செப்டம்பரிலும் அமெரிக்காவில் 2010 மார்ச்சிலும் வெளிவந்தது. அதனுடன் சிவப்பும் வெள்ளையுமாக உருண்டையாய் ஒரு சின்னப் பொருளும் இருந்தது. பெயர் போக்கிவாக்கர். இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்ளலாம்.

பேரன் எனக்குப் பாடம் எடுத்தான். விளையாட்டில் அவன் வளர்க்கும் பிராணிகளில் ஒன்றை இந்த உருண்டைக்குள் அனுப்பலாம். அவன் அனுப்பியது டோட்டோடைல் என்ற நீல நிற முதலைக் குட்டி. கம்பி கிடையாது. டிவி ரிமோட்டில் இருக்கிறதே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, அதே வித்தைதான். அந்த ஒளியை அனுப்பும் கண் விளையாட்டு அட்டையிலேயே இருக்கிறது. பெட்டியை நோக்கி உருண்டையைப் பிடித்தால் பிராணி இங்கே வந்துவிடும்.

பிறகு நடக்க வேண்டும். உள்ளே அசைவை உணரும் கருவி ஒன்று அடியை எண்ணும். 20 அடிக்கு ஒரு 'வாட்'. மின்சார வாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, விளையாட்டுக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 வாட் கொடுத்தால் புதரில் ஒளிந்திருக்கும் வேறு பிராணியைத் தேடலாம். 3 வாட் கொடுத்தால் புதைந்த பொருளைத் தேடலாம். வாட் சேரச் சேர காடு, கடற்கரை என்று புதுப் பாதைகள் திறக்கும். நடந்த ஒவ்வோர் அடிக்கும் பிராணிக்கு ஒரு புள்ளி அனுபவம் ஏறும். ஆனால் எவ்வளவு நடந்தாலும் ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு படிதான் உயரும். அதுவும் நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார்கள்.

போக்கிமானைப் படைத்த சதோஷி தாஜிரி சிறு வயதில் பூச்சி பிடிப்பதில் பைத்தியமாக இருந்தவராம். ஊரில் நாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து வைக்கவில்லையா, அந்த ஆசைதான். நடையை எண்ணுவதும் ஜப்பானியருக்குப் பழைய சமாசாரம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடமே 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி, அங்கே விற்பனைக்கு வந்துவிட்டது. இன்று உலகமே ஓதும் பத்தாயிரம் அடிக் கணக்கு அந்தப் பெயரிலிருந்து பரவியதுதான். 1998-ல் நடந்தால் மகிழும் பிக்காச்சு பொம்மை ஒன்றை நின்டெண்டோ விற்றது. மறு ஆண்டு வந்த அதன் தம்பி விளையாட்டுப் பெட்டியோடு பேசவும் கற்றுக்கொண்டது. போக்கிவாக்கர் அந்தப் பரம்பரை.

"தாத்தா, நீங்கதான் டெய்லி ஒரு மணி நேரம் நடக்கறீங்களே. இதைக் கட்டிக்கிட்டுப் போங்க" என்று பேரன் என் இடுப்பில் மாட்டிவிட்டான்.

முதல் நாள் கணக்கு 1,140 அடி, 57 வாட்.

"மெஷின் கராப் ஆயிடுச்சா தாத்தா?"

"இருக்கும்டா" என்றேன்.

அவன் விடவில்லை. கூடத்தில் தானே எண்ணிக்கொண்டு நூறு அடி நடந்து பார்த்தான். மெஷின் சரியாக இருந்தது. என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுநாள் பெஞ்சில் அந்த உருண்டையை எடுத்துக் கையால் ஆட்டினேன். அடி ஏறியது! நண்பர்களும் முறை வைத்து ஆட்டிக் கொடுத்தார்கள். அன்று 7,000 அடி. பேரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரக் கணக்கை அந்த உருண்டையே ஞாபகம் வைத்திருக்கும். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டுவான். மனைவியும் நம்பிவிட்டாள். எனக்குப் பிரியமான முறுக்கு மறுபடி தட்டில் வந்தது.

ஜனவரி கடைசியில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 188 இருந்தது 203 ஆகியிருந்தது. டாக்டரிடம் பேரனும் வந்திருந்தான். "தாத்தா தினம் 7,000 அடி நடக்கிறார்" என்று உருண்டையை நீட்டினான். டாக்டர் பார்த்துவிட்டு யோசித்தார். இவ்வளவு நடந்தும் குறையவில்லை என்றால் மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடலாம் என்று சீட்டு எழுதத் தொடங்கினார்.

பேனா ஓடிக்கொண்டிருந்தது. இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. நடந்ததை, இல்லை, நடக்காததைச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு, மூன்று மாதம் நிஜமாக நடந்துவிட்டு வாருங்கள் என்றார்.

டாக்ஸியில் பேரன் பேசவே இல்லை. வீட்டுப் படியேறும்போது கேட்டான்:

"அப்போ என் டோட்டோடைல் நடக்கவே இல்லையா?"

ஊசிக்குக்கூட நான் அவ்வளவு கலங்கவில்லை.

மறுநாள் காலை அவன் பல் தேய்த்துவிட்டு வாசலில் நின்றான். உருண்டை அவன் இடுப்பில். பள்ளிக்கு நேரமாகும் வரை இரண்டு சுற்று. பெஞ்சிலிருந்து கூப்பிட்டார்கள், அவன் என் விரலை விடவில்லை. மூன்று மாதத்தில் 141-க்கு வந்தது. ஊசி தள்ளிப்போயிற்று.

2016-ல் போக்கிமான் கோ வந்தது. செல்போனே செயற்கைக்கோள் வழியாக நடையை அளந்து முட்டையைக் குஞ்சு பொரித்தது. தனி உருண்டை தேவையில்லாமல் போயிற்று. பேரன் இப்போது புனேயில் வேலையில் இருக்கிறான். அவன் செல்போனும் என் செல்போனும் அடி எண்ணுகின்றன, இரவு சாப்பாட்டுக்குப் பின் கணக்கைப் பரிமாறிக்கொள்வோம். நேற்று அவனுடையது 3,210, என்னுடையது 5,480.

பதில் வந்தது: "ஆட்டினதா, நடந்ததா தாத்தா?"