வேதநாயகர் கண்ட அன்பும் நேர்மையும்

கிறித்தவத் தமிழ் நூல்களை ஆராய்வார், சமயக் கோட்பாட்டை எடுத்தோதும் பகுதிகளையே பெரிதும் நோக்குகின்றனர். பிறரன்பு என்னும் அறம் அன்றாடத் தொழிலில் எவ்வாறு நடைபெறும் என்னும் வினா பின்தங்கிவிடுகின்றது. இவ்வினாவிற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வாழ்வும் நூல்களும் விடை தருகின்றன.

அவர் கத்தோலிக்கர், முன்சீப் பதவியிலிருந்து முறை செய்தவர். 1859-இல் வெளிவந்த நீதிநூலில் பொய், களவு முதலியவற்றோடு கைக்கூலியையும் கடிந்தார். கைக்கூலி, வழக்குமன்றத்தை ஒட்டியே வளரும் குற்றம். ஆதலின் அவர் பிறர்க்கு உரைத்த அறம் முதற்கண் தம் இருக்கையையே கட்டுப்படுத்திற்று.

நடுநிலை பிறழாத தீர்ப்பாயினும், அதன் காரணத்தை வழக்காளி அறியவியலாதாயின் முறை நிறைவுற்றதாகாது. அன்பும் நேர்மையும் ஈண்டு மொழியில் ஒன்றுபடுகின்றன. சதர் நீதிமன்றத் தீர்ப்புகளை அவர் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டதை இந்நோக்கிற் காண்டல் தகும். 1879-இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரமும், தமிழர் வழக்கில் ஆங்கிலத்தில் வாதிடுவோரை எள்ளுகின்றது.

தாது ஆண்டுப் பஞ்சத்தில் (1876–78) தம் பொருளைப் பசித்தவர்க்கு வழங்கினார். அக்கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாற் போற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய சிவனடியார் கிறித்தவர் ஒருவரைப் பாடியதற்கு, அவர்தம் நடத்தையே காரணம். ஆகவே நீதிநூலைப் பொது அறவுரையென ஒதுக்காது, முறை செய்தார் ஒருவர் தமக்கும் வகுத்துக்கொண்ட ஒழுகலாறெனக் கற்றல் வேண்டும்.