எடையைத் தாங்கும் பாலம், நடையைத் தாங்குமா?

ஜப்பானில், டோக்கியோவுக்கு வடக்கே தோடா என்றொரு நகரம். அங்குள்ள படகுப் பந்தய அரங்கையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 1980களின் இறுதியில் ஒரு நடைபாலம் கட்டினார்கள். அதன் பெயர் தோடா பூங்காப் பாலம். உயரமான தூணிலிருந்து சாய்வாக இறங்கும் கேபிள்கள் தாங்கி நிற்கும் ஒல்லியான எஃகுப் பாலம் அது. சாதாரண நாட்களில் அசையாது. பெரிய பந்தயம் முடிந்து இருபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடு திரும்பும் நாளில் மட்டும் இடமும் வலமுமாக ஆடும்.

யோசோ ஃபுஜினோ தலைமையிலான பொறியாளர்கள் அந்தக் கூட்டத்தைப் படம்பிடித்து, நடப்பவர்களின் தலை எந்தப் பக்கம் அசைகிறது என்று அளந்தார்கள். பாலம் அசைந்தது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான். ஆனால் அதன்மேல் நடந்தவர்களில் ஐந்தில் ஒருவர், தம்மை அறியாமலே, பாலத்தின் ஆட்டத்துக்கு ஏற்ப நடக்கத் தொடங்கியிருந்தார். 1993இல் வெளிவந்த அந்த ஆய்வைத் துறைக்கு வெளியே யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் எடை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ. அதைத் தாங்கும்படி பாலம் கட்டுவது பொறியாளருக்குப் பழகிய கணக்கு. சிக்கல் நடையில் இருக்கிறது. இயல்பாக நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறார். ஆகவே பாலத்தின்மீது கீழ்நோக்கிய உந்தல் நொடிக்கு இருமுறை, அதாவது 2 ஹெர்ட்ஸ். இடதுகால் ஒரு பக்கமும் வலதுகால் மறுபக்கமும் தள்ளுவதால், பக்கவாட்டு உந்தல் ஒரு சுற்று முடிய இரண்டு அடிகள் வேண்டும். அதனால் அது 1 ஹெர்ட்ஸ். இந்தப் பக்கவாட்டு விசை மிகச் சிறியது, உடல் எடையில் சில சதவீதம்தான். ஆனால் ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் விரலால் தொட்டுத் தள்ளினாலே வீச்சு கூடிக்கொண்டு போவதுபோல, பாலத்தின் இயல்பான அதிர்வெண்ணும் 1 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தால் இந்தச் சிறு விசையே போதும்.

1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் அணிவகுத்து வந்த சிப்பாய்களின் காலடியில் இடிந்தது. பாலத்தில் ஏறியதும் அணிநடையைக் குலைத்துவிட வேண்டும் என்று அதன் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் ஆணையிட்டது. பொதுமக்களோ யார் ஆணைக்கும் நடப்பவர்கள் அல்ல. அதனால் அந்த ஆபத்து பொதுமக்கள் பாலத்துக்கு இல்லை என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை 2000 ஜூன் 10இல் லண்டனில் உடைந்தது. தேம்ஸ் நதியின் மேல் புதிதாகத் திறந்த மில்லேனியம் நடைபாலம் கூட்டம் ஏறியதும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். பிறகு ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிச் சோதித்தார்கள். 150 பேர் வரை பாலம் அமைதியாக இருந்தது. 160ஐ ஒட்டியதும் ஆட்டம் திடீரென்று எகிறியது. ஆட்டம் படிப்படியாகக் கூடாமல் ஒரு வரம்பைத் தாண்டியதும் வெடித்துக் கிளம்புவதால், சில பேரை நடக்கவிட்டுப் பார்த்துப் பாலத்துக்கு நற்சான்று தர முடியாது.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிரையன் ஜோசப்சன் அந்த வாரமே நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். தரை அசையும்போது மனிதர் விழாமலிருக்கக் கால்வைக்கும் இடத்தை மாற்றுகிறார், அதுவே பாலத்தைத் தள்ளுகிறது என்பது அவர் கருத்து. 2021இல் வெளியான ஓர் ஆய்வும் அதையொட்டியே பேசியது: எல்லோரும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் தத்தம் சமநிலையைக் காத்துக்கொள்வதே ஆட்டத்தை வளர்க்கப் போதும்.

இயற்கைப் பூங்காவின் வாசலில் நடைபாலம் கட்டுபவர் இதை மற்றவரைவிடக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். ஓடையிலும் சதுப்பிலும் தூண் ஊன்றக் கூடாது என்பதால் பாலம் நீள்கிறது. பெரிய கிரேன் உள்ளே வர வழியில்லை என்பதால் உறுப்புகள் இலகுவாகின்றன. மரங்களை மறைக்கக் கூடாது என்பதால் வடிவம் மெலிகிறது. மூன்றும் நல்ல நோக்கங்கள். ஆனால் நீளமும் மெலிவும் அதிர்வெண்ணைக் கீழே இறக்குகின்றன; எடை குறைவதால் சிறு விசையும் பாலத்தை எளிதில் ஆட்டிவிடுகிறது. போதாததற்கு அது வாசல். விடுமுறைக் காலையில் வந்தவர் எல்லாரும் அதன் வழியேதான் நுழைவார்கள். நடுவழியில் பறவை ஒன்று தெரிந்தால் ஒரே பக்கக் கைப்பிடியில் குவிவார்கள்.

ஐரோப்பிய விதிநூல் அதிர்வெண்ணுக்கு எல்லை வைத்திருக்கிறது. மேல்கீழ் அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்கும், பக்கவாட்டு அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸுக்கும் குறைவாக இருந்தால், நடப்பவர்களுக்கு அசௌகரியம் உண்டா என்று தனியாகக் கணக்கிட்டே ஆக வேண்டும். குறைந்தால் வழிகள் இருக்கின்றன.

ஒன்று, விறைப்பைக் கூட்டுவது. சிங்கப்பூரில் மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் தெலோக் பிளாங்கா மலைப் பூங்காவையும் இணைக்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் 274 மீட்டர் நீளம். சாலைக்கு 36 மீட்டர் மேலே நிற்கிறது. 2008இல் திறந்த அதன் அலை வடிவம் வளைந்த எஃகு விலாக்களால் ஆனது; அந்த வளைவு விறைப்புக்கு உதவுகிறது. அலையின் மடிப்புகளுக்குள் இருக்கைகள் உண்டு. வேடிக்கை பார்க்க நிற்பவர் நடப்பவர் வழியில் நிற்பதில்லை.

இரண்டு, ஆட்டத்தை ஏற்றுக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது. அதே சிங்கப்பூரின் மெக்ரிட்சி காட்டில் 2004 முதல் இருக்கும் 250 மீட்டர் தொங்குபாலம் குறுகலானது. ஒருவழிப் பாதையாகவே அனுமதிக்கிறார்கள். காட்டு நடுவே தொங்குபாலம் லேசாக அசைந்தால் மக்கள் ரசிப்பார்கள். நகர வாசலில் அதே அசைவு பீதியாகிவிடும்.

மூன்று, ஆட்டத்தின் ஆற்றலை உறிஞ்சுவது. லண்டனில் 37 பிசுபிசுப்புத் தணிப்பான்களும், 52 எடைத் தணிப்பான்களும் பொருத்திய பிறகே 2002 பிப்ரவரியில் பாலத்தை மீண்டும் திறந்தார்கள். தோடாவில் செய்தது இன்னும் எளியது. பாலத்தின் பெட்டி உத்தரத்துக்குள் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் கலங்களில் சில சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தார்கள். பாலம் அசையும்போது நீரும் கலத்துக்குள் தளும்பி, எதிர்த்திசையில் மோதி ஆட்டத்தைக் குறைக்கும். கலத்தின் அளவும் நீரின் ஆழமும் மாறினால் தளும்பும் வேகம் மாறும். அதைப் பாலத்தின் அதிர்வெண்ணோடு பொருத்துவதில்தான் திறமை.

லண்டன் பாலத்தை மறுபடி திறக்கும் முன் 2,000 பேரை அதில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். வாசல் பாலத்துக்கு ஒப்பந்தம் கோரும் எந்தப் பூங்கா நிர்வாகமும் எத்தனை டன் தாங்கும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆண்டிலேயே அதிகக் கூட்டம் வரும் நாளில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறுவார்கள் என்ற எண்ணை முதலில் பொறியாளர் கையில் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் அத்தனை பேரையும் நடக்கவைத்து அளந்துவிடவும் வேண்டும்.