உஷார்! அணைக்குக் கீழே குடியிருக்கிறீர்களா?

2024 டிசம்பர் 1. எல்லார் கண்ணும் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த புதுச்சேரிப் பக்கமே இருந்தது. மழையோ உள்ளே நகர்ந்து, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. கொட்டித் தீர்த்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் வந்து சேரும் இடம் சாத்தனூர் அணை. 2-ஆம் தேதி அதிகாலை, ஊர் தூங்கும் நேரத்தில், அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி இறங்கியது. விடிந்தபோது திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் பல தண்ணீருக்குள் இருந்தன.

"எச்சரிக்கை கொடுத்தோம்" என்றது அரசு. "எங்களுக்கு வரவில்லை" என்றார்கள் மக்கள். அந்த வழக்கை விட்டுவிடுவோம். என் கவலை வேறு. எச்சரிக்கை சரியாகவே வந்து சேர்ந்திருந்தாலும், 'விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி' என்ற வரியைப் படித்து அலறி எழுந்திருக்கக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 1.68 லட்சம் கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 47 லட்சம் லிட்டர். தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 400 வரிசையாக நின்று ஒரே விநாடியில் கவிழ்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விநாடி இன்னொரு 400. இப்படியே மணிக்கணக்கில். தொலைக்காட்சியின் அடியில் ஓடும் அந்த எண்ணைக் கிரிக்கெட் ஸ்கோர் போலப் பார்த்துவிட்டு நாம் தூங்கப் போகிறோம்.

இன்னும் ஆபத்தான ஒன்று இருக்கிறது. "மேலே அணை இருக்கிறதே, அது தடுத்துவிடாதா?" என்ற நம்பிக்கை. சாத்தனூர் அணையின் மொத்தக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). அன்று அதிகாலை ஓடிய வேகத்தில் ஒரு டி.எம்.சி. தண்ணீர் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். அதாவது அணை காலியாகவே இருந்திருந்தாலும் அந்த வரத்துக்கு அரை நாள்தான் தாங்கும். நிரம்பும் நிலையில் இருந்தால்? வருவதை அப்படியே கீழே விடுவதைத் தவிர வழியே இல்லை. விடாமல் பிடித்தால் அணைக்கே ஆபத்து.

மேட்டூர் 120 அடியைத் தொட்டதும் டெல்டாவே பூத்தூவிக் கொண்டாடும். கொண்டாட வேண்டியதுதான், பாசனத்துக்கு அது வாழ்வு. ஆனால் நீரியல் வல்லுநருக்கு அன்றுதான் வயிற்றைக் கலக்கும். 119 அடி வரை அணை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். 120-க்குப் பிறகு, மேலே என்ன வருகிறதோ ஏறத்தாழ அதுதான் கீழே போகும். "அணை நிரம்பியது" என்ற செய்தி காவிரிக்கரை வீட்டுக்காரருக்கு ஒரு நல்ல செய்தியும் ஓர் எச்சரிக்கையும் ஆகும். முதல் பாதியை மட்டும் நாம் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு" என்று செய்தியில் கேட்கிறோமே, அது காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் எடுக்கும் கணக்கு. ஆற்றின் கன அடியை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. கரையில் நட்டிருக்கும் அளவுகோலில் நீர்மட்டத்தைப் படிப்பார்கள். ஆற்றின் குறுக்கே இடம் இடமாக ஆழம் பார்ப்பார்கள். சுழலும் கிண்ணங்கள் வைத்த நீரோட்டமானியை இறக்கி வேகம் பார்ப்பார்கள். மேற்பரப்பிலிருந்து 60 சதவீத ஆழத்தில் கிடைக்கும் வேகம் அந்த இடத்தின் சராசரிக்கு நெருக்கமாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு. இப்படிப் பல வருடம், பல மட்டங்களில் அளந்து, 'இத்தனை அடி உயரத்தில் இத்தனை கன அடி' என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்திருப்பார்கள். அதன் பிறகு அளவுகோலைப் படித்தாலே போதும்.

இங்கேதான் உஷார். இந்த வளைகோடு ஆற்றின் படுகை மாறாதவரைதான் செல்லும். மணலை லோடு லோடாக அள்ளிப் படுகையைப் பல அடி இறக்கிவிட்டால், அளவுகோல் பழைய உயரத்தைக் காட்டும்போதே ஆறு பழைய அளவைவிட அதிகத் தண்ணீரைச் சுமந்துகொண்டிருக்கும். புதிதாக அளந்து திருத்தாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். அதோடு, மிகப்பெரிய வெள்ளம் ஓடும்போது நடு ஆற்றில் கருவியை இறக்கி அளப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அப்போது தெரிந்த வளைகோட்டைத் தெரியாத உயரம் வரை நீட்டித்தான் மதிப்பிடுவார்கள். அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் ஆபத்து உச்சத்தில் இருக்கும்போதுதான் எண்ணில் நிச்சயம் குறைவு என்பதை நாம் மறக்கக்கூடாது. எச்சரிக்கையில் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடவே வரும் என்று வைத்துக்கொண்டு கிளம்புவதே புத்திசாலித்தனம்.

சரி, அணையையே பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா? போதாது. 2015 சென்னை வெள்ளத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் 'செம்பரம்பாக்கம்' என்றுதான் பதில் வரும். டிசம்பர் 1-ஆம் தேதி அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள், உண்மைதான். ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் எப்படி மூழ்கின? செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். அந்த இரண்டு ஊர்களும் அதற்கும் மேலே இருக்கின்றன. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்தும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பெய்த மழையிலிருந்தும் வந்த தண்ணீர். அதற்கு ஷட்டர் கிடையாது. "திறக்கப் போகிறோம்" என்று யாரும் அறிவிக்கவும் முடியாது.

2023 டிசம்பரில் தாமிரபரணியிலும் இதே பாடம்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்த ஊர்கள் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு வெகுதூரம் கீழே இருப்பவை. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு செ.மீ. மழை பெய்தாலே ஒரு கோடி லிட்டர். மிச்சத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். குளங்கள் உடைந்தன. நம் குளங்கள் ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்தவை. மேல்குளம் உடைந்தால் கீழ்க்குளத்தின் கலிங்கு அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, அதுவும் உடையும். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள்.

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்க தண்ணி ஏறினதில்லைங்க." மனை விற்பவர் வாயில் வரும் முதல் வாக்கியம் இது. நம்பாதீர்கள். 'நூறாண்டு வெள்ளம்' என்று நிபுணர்கள் சொல்வதை, 'ஒரு தடவை வந்தால் அடுத்த நூறு வருடத்துக்கு வராது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பொருள், ஒவ்வொரு வருடமும் அது வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். போன வருடம் வந்ததால் இந்த வருடம் விடுமுறை கிடையாது. 30 வருடக் கடனில் வீடு வாங்குகிறீர்கள் என்றால், கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. வங்கி மேலாளர் இதைச் சொல்ல மாட்டார்.

மழைக்காலத்தில்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 8. இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றின் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர், மேலே லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழையும் இல்லை, இடியும் இல்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளம் திடீரென்று பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். மழை மலைக்குமேல் பெய்யும், தண்ணீர் நம் தலையில் இறங்கும். ஆற்றிலோ அருவியிலோ நிற்கும்போது தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள். ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் போலீஸ்காரர் விரட்டினால் அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும்போது கடக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது உங்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே, அதாவது கணுக்காலுக்குச் சற்று மேலே, பெரியவரையே சாய்த்துவிடும். 30 செ.மீ. சிறிய காரை இழுத்துப் போகும். 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகள் மிதக்கும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா என்பதும் உங்களுக்குத் தெரியாது. முன்னால் போன பஸ் கடந்துவிட்டதே என்பது ஒரு காரணமே இல்லை.

வெள்ளம் வடிகிறது என்றால் வேடிக்கை பார்க்கப் போகலாம் என்றும் ஒரு வழக்கம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் சரிந்தன. 1836-இல் கட்டிய அணை அது. காவிரியில் பெருவெள்ளம் உச்சம் தொட்டுச் சில நாட்கள் ஆகியிருந்தன. தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கும், கட்டடமும் கரையும் பிறகுதான் விழும். ஊறிப்போன கரைக்கு முட்டுக்கொடுத்த தண்ணீர் சட்டென்று இறங்கும்போதுதான் கரை சரியும். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வைகை அணை 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களில் பலருக்கு இது மனப்பாடம். உங்கள் ஊருக்கு மேலே எந்த அணை, எந்தக் குளம், எத்தனை அடியில் எச்சரிக்கை, திறந்தால் உங்கள் தெருவுக்கு வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியுமா? நீர்வளத் துறையில் இருக்கும் உதவிப் பொறியாளரைப் போய்க் கேளுங்கள், மழை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். மத்திய நீர் ஆணையத்தின் 'ஃபிளட்வாட்ச் இந்தியா' செயலியைப் போனில் போட்டு வையுங்கள், அது இலவசம். எந்த ஆறு எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டியது, எது அபாய மட்டத்தைத் தாண்டியது என்று அதில் தெரியும். பத்திரங்களையும் மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். இரவு பத்து மணிக்கு வரும் எச்சரிக்கையை விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சாத்தனூர்த் தண்ணீர் விடியும்வரை காத்திருக்கவில்லை. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் வீட்டில் பெரியவர்களின் சாதா போனிலும் இன்றே பதிந்து கொடுங்கள்.