ஏபிஎஸ் விளக்கு அணையாத காரில் மலைப்பாதை ஏறலாமா?

திருச்சானூர்: கார்த்திகை மாதத்தில் நடைபெறும் பத்மாவதி தாயார் பிரம்மோற்சவத்துக்குத் தமிழகத்தில் இருந்து காரில் வரும் பக்தர்களில் பலர், தாயாரை வழிபட்ட கையோடு திருமலைக்கும் சென்று திரும்புகின்றனர். வடகிழக்குப் பருவமழையும் அதே காலத்தில்தான் பெய்கிறது. தண்ணீர் தேங்கிய சாலைகளைக் கடந்து வந்த காரில் மஞ்சள் நிற 'ஏபிஎஸ்' விளக்கு எரிந்து அணையாமல் நின்றுவிட்டால், மலையேறலாமா அல்லது மெக்கானிக்கைத் தேட வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது.

சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைவது இயல்பு. கருவி தன்னைத் தானே சோதித்துக் கொள்ளும் நேரம் அது. அதன் பிறகும் எரிந்தால், கட்டுப்பாட்டுக் கருவி ஏதோ ஒரு பழுதைக் கண்டு ஏபிஎஸ் செயல்பாட்டை நிறுத்திவிட்டது என்று பொருள். சாதாரண பிரேக் அப்போதும் வேலை செய்யும். ஆனால், அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிப் போவதைத் தடுக்க ஆள் இல்லை. இறுகிய சக்கரம் ஈரச் சாலையில் வழுக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

மஞ்சள் விளக்குடன் சிவப்பு நிற பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. கை பிரேக்கை விடுவித்த பிறகும் சிவப்பு அணையவில்லை என்றால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடும் நின்றிருக்கலாம். காரை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். மலைப்பாதையைப் பற்றி நினைக்கவே கூடாது.

மஞ்சள் மட்டும் எரியும் காரின் நிலை அவ்வளவு மோசமில்லை. திருமலையின் முதல் மலைப்பாதை 1944-ஆம் ஆண்டும், இரண்டாவது பாதை 1974-ஆம் ஆண்டும் பயன்பாட்டுக்கு வந்தன. இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதாவது, பல பத்தாண்டுகளாக ஏபிஎஸ் இல்லாத வாகனங்களே இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தன. சிக்கல் ஓட்டுநரின் பழக்கத்தில் உள்ளது. ஏபிஎஸ்ஸுக்குப் பழகியவர் ஆபத்து நேரத்தில் பெடலை முழுமையாக மிதிப்பார். விளக்கு எரியும் காரில் அப்படிச் செய்யக் கூடாது. வேகத்தைக் குறைத்து, முன்செல்லும் வாகனத்துடன் இடைவெளியை அதிகரித்து, சக்கரம் வழுக்கினால் பெடலைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் மிதிக்க வேண்டும். இறக்கத்தில் குறைந்த கியரில் வருவது எல்லாக் கார்களுக்கும் பொருந்தும். தொடர்ந்து மிதித்து சூடேறிய பிரேக் பிடிமானம் இழப்பதை, நல்ல நிலையில் உள்ள ஏபிஎஸ்ஸாலும் தடுக்க முடியாது.

பழுது பெரும்பாலும் சக்கரத்தின் அருகிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சாரும், அதன் எதிரே பற்கள் கொண்ட ஒரு வளையமும் உண்டு. பல புதிய கார்களில் பற்களுக்குப் பதிலாக, வீல் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை பதிக்கப்பட்டிருக்கும். சேறு, துரு, பிரேக் பேடில் இருந்து உதிரும் இரும்புத் துகள், எலி கடித்த ஒயர், தண்ணீர் புகுந்த கனெக்டர் என எது குறுக்கிட்டாலும் கணக்கு தவறும், விளக்கு எரியும். பேரிங் மாற்றியவுடன் விளக்கு எரியத் தொடங்கியிருந்தால், காந்தப் பட்டை உள்ள பக்கம் மாற்றிப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பணிமனைகளில் எளிதாக நேரும் பிழை இது.

எந்தச் சக்கரம் என்பதை ஸ்கேனர் சொல்லும். என்ஜின் குறியீடுகளை மட்டும் படிக்கும் மலிவுக் கருவி இதற்கு உதவாது. ஏபிஎஸ் பகுதியைப் படிக்கும் ஸ்கேனர் தேவை. சி0035 என்ற பொதுக் குறியீடு இடது முன் சக்கரத்தையும், சி0040 வலது முன் சக்கரத்தையும் குறிக்கும். தயாரிப்பாளருக்கேற்ப குறியீடு மாறுவதும் உண்டு. ஆனால், குறியீடு காட்டுவது அந்தச் சக்கரத்தின் மின்சுற்றைத்தான். சென்சாரே கெட்டுவிட்டது என்று அது சொல்வதில்லை. குறியீட்டைப் பார்த்த மாத்திரத்தில் சென்சாரை மாற்றி, பணம் செலவான பிறகும் விளக்கு அணையாமல் திரும்புபவர்கள் இங்கேதான் ஏமாறுகின்றனர்.

முறையான வழி, காரை மெதுவாக ஓட்டியபடி நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனர் திரையில் ஒப்பிடுவது. நேர்ச்சாலையில் மூன்று சக்கரங்கள் 20 என்று காட்டும்போது ஒன்று மட்டும் சுழியத்தில் நின்றால் ஒயர், கனெக்டர், சென்சார் ஆகியவற்றைச் சோதிக்கலாம். எண் விட்டுவிட்டுத் துள்ளினால் வளையத்தில் விரிசலோ, பேரிங்கில் ஆட்டமோ இருக்கக்கூடும். பல நேரங்களில் சென்சாரைக் கழற்றித் துடைத்து, கனெக்டரைச் சுத்தம் செய்து மாட்டினாலே போதுமானது.

பலவீனமான பேட்டரி, எரிந்துபோன பியூஸ், அளவு மாறிய டயர் ஆகியவையும் இந்த விளக்கை எரிய வைக்கும். ஏபிஎஸ் பம்ப்பும் அதன் மாட்யூலும் பழுதாவது உண்டு என்றாலும், விலை அதிகமான அந்தப் பாகத்தை மாற்றச் சொல்பவரிடம் மேற்கண்டவற்றைச் சோதித்தாரா என்று கேட்பது நல்லது.

பழுதைச் சரிசெய்யாமல் ஸ்கேனரில் குறியீட்டை மட்டும் அழித்தால் சில கிலோமீட்டரிலேயே விளக்கு திரும்பி வரும். பழைய கார் வாங்குவோர், சாவியைத் திருப்பும்போது இந்த விளக்கு எரியவே இல்லை என்றால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழுதை மறைக்க விளக்கையே துண்டித்திருக்கலாம்.

சரிசெய்த பிறகும் சில மாடல்களில் கார் சற்று வேகமெடுத்த பின்னரே விளக்கு அணையும். மெக்கானிக் அதை ஓட்டிப் பார்க்கும் நேரத்தில், திருப்பதியில் இருந்து அடிக்கடி புறப்படும் ஆந்திர அரசுப் பேருந்தில் மலைக்குச் சென்று வரலாம்.