டாக்டர் ஆக விரும்பும் பிள்ளைக்கு எந்தப் பாடப்பிரிவு?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த வாரத்தில், ஸ்கெலட்டனில் உள்ள என் வீட்டுக்கு நாலைந்து பெற்றோராவது வந்துவிடுவார்கள். கையில் மதிப்பெண் பட்டியல். பின்னால் கூச்சத்தோடு நிற்கும் பிள்ளை. "சார், பாப்பா டாக்டருக்குப் படிக்கணுங்குது. பி.யூ.சி.யில என்ன குரூப் எடுக்கிறது?" என்பார்கள்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமோ படித்து ரயில்வேயில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த விஷயத்தில் என் சொந்த வீட்டிலேயே ஒரு தவறு செய்தவன். அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

நம் தங்கவயலில் இந்த ஆசை எழுவது இயல்பு. சுரங்கத் தூசியை மூச்சில் இழுத்து, சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் இருமி இருமி மெலிந்த பாட்டனாரைப் பார்த்த குடும்பங்கள் நமக்குள் பல உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமும் மூடப்பட்டது. அதன் பிறகு விடியலில் பெங்களூர் ரயிலைப் பிடித்து, இருட்டிய பின் வீடு திரும்பும் பிழைப்புதான் பலருக்கு. பிள்ளையாவது ஒரு டாக்டராகட்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் அதற்கான முதல் முடிவை, பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயது ஆகும்போதே எடுத்துவிடுகிறோம். அதைத் தெரிந்து எடுக்க வேண்டும்.

நான்கெழுத்துப் பிரிவுகள்

கர்நாடகத்தில் பி.யூ.சி. மாணவர் இரண்டு மொழிகளும் நான்கு பாடங்களும் படிக்க வேண்டும். அறிவியல் பிரிவில் இயற்பியலும் வேதியியலும் எல்லோருக்கும் பொது. பெரும்பாலான கல்லூரிகளில் கணிதமும் உண்டு. நான்காவது பாடத்தில்தான் வழி பிரிகிறது. உயிரியல் எடுத்தால் பி.சி.எம்.பி.; கணிப்பொறி அறிவியல் எடுத்தால் பி.சி.எம்.சி.; மின்னணுவியல் எடுத்தால் பி.சி.எம்.இ.

மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை கட்டாயம். உயிரியலுக்குப் பதிலாக உயிரித் தொழில்நுட்பம் படித்திருந்தாலும் ஏற்பார்கள். கணிதம் கட்டாயம் இல்லை. பி.சி.எம்.பி. எடுத்த பிள்ளைக்கு மருத்துவமும் திறந்திருக்கும், பொறியியலும் திறந்திருக்கும். மற்ற இரண்டிலும் மருத்துவம் அடைபட்டுவிடும். பங்காருப்பேட்டை சந்திப்பில் பாயிண்ட் எப்படிப் போடப்பட்டிருக்கிறதோ அப்படித்தான் வண்டி போகும்; மாரிக்குப்பம் பாதையில் ஏறிய வண்டி சென்னைக்குப் போகாது.

என் வீட்டில் நடந்தது

2004-இல் என் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். "உயிரியல் எடுக்கட்டுமா அப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். ஊரெல்லாம் கணிப்பொறி பற்றிப் பேசிய காலம் அது. நானும் பொறியியல் வழி வந்தவன். யோசிக்காமல் பி.சி.எம்.சி. என்று விண்ணப்பத்தில் நானே எழுதினேன். இரண்டாம் ஆண்டில், தன் பாட்டியுடன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் தங்கி வந்த பிறகு, "டாக்டருக்குப் படிக்கிறேன்" என்றாள். விசாரித்தேன். உயிரியலை இரண்டாண்டு செய்முறையோடு படித்திருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்று பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்த விண்ணப்பத்தில் இருந்த என் கையெழுத்து இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அந்த விதி இப்போது தளர்ந்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறியவர்களும் தகுதியுடையவர்கள் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. எனவே வேறு பிரிவு எடுத்துவிட்ட பிள்ளைகள் மனம் உடைய வேண்டாம். ஆனாலும் பின்னால் சுற்றி வருவதைவிட முதலிலேயே சரியான பாதையில் ஏறுவது நல்லது.

நீட் கணக்கு

இப்போது மருத்துவ இடங்களுக்கு நீட் தேர்வே வழி. 2025-இல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், மூன்று மணி நேரம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒன்று கழியும். உயிரியலில் 90 கேள்வி, இயற்பியலில் 45, வேதியியலில் 45.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பாதி மதிப்பெண் உயிரியலில் இருந்தாலும் மீதிப் பாதி இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இயற்பியலில்தான். அதற்கு மடக்கை, திரிகோணவியல், வெக்டர், கொஞ்சம் வகை நுண்கணிதம் எல்லாம் வேண்டும். ஆகவே கட்டாயம் இல்லை என்பதற்காகக் கணிதத்தை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. கணிதம் உண்மையிலேயே சுமையாக இருக்கும் பிள்ளைக்கு, அது இல்லாத பிரிவு பக்கத்துக் கல்லூரியில் உண்டா என்று விசாரிக்கலாம்.

இரண்டாவது, முதலாண்டுப் பாடமும் நீட்டில் வரும். அது பொதுத்தேர்வு இல்லையே என்று முதலாண்டை விளையாட்டாகக் கழிப்பவர்கள் அப்போதே பாதி தூரம் பின்தங்கிவிடுகிறார்கள். பி.யூ.சி. அறிவியல் பாடங்களுக்கு நம் மாநிலத்தில் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டமே நடப்பில் உள்ளது. கல்லூரிப் புத்தகத்தை வரி விடாமல் படிப்பதே முதல் பயிற்சி. லட்சக்கணக்கில் கட்டும் பயிற்சி நிலையம் அதற்குப் பிறகுதான்.

தமிழை விட வேண்டுமா?

மதிப்பெண் அள்ளலாம் என்று சிலர் பி.யூ.சி.யில் தமிழை விட்டு வேறு மொழிக்கு மாற்றுகிறார்கள். நீட் தரவரிசையில் மொழிப்பாட மதிப்பெண் ஒன்றுகூடச் சேராது. ஆங்கிலத்தில் தேறியிருந்தால் போதும். எனவே மருத்துவத்துக்காகத் தமிழை விடுவதில் ஒரு லாபமும் இல்லை. தமிழ் எடுக்கும் பிள்ளைகள் குறைந்தால் கல்லூரியில் தமிழ் வகுப்பே நின்றுபோகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் தமிழ் வழியில் பத்தாவது வரை படித்த பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. நீட் வினாத்தாள் தமிழிலும் உண்டு என்றாலும், அது தமிழ்நாட்டுப் பக்கத்து மையங்களில்தான் தரப்படுகிறது. கர்நாடக மையத்தில் ஆங்கிலம் அல்லது கன்னடத்தில் எழுதத் தயாராக இருக்க வேண்டும். முதலாண்டின் முதல் வாரத்திலிருந்தே கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிப் பழகட்டும்.

எல்லை தாண்டும் முன்

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் பிள்ளையைத் தமிழ்நாட்டில் சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை எண்ணி அப்படிச் செய்ய வேண்டாம். அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கர்நாடக இடத்துக்கு முக்கியமான விதி, இங்கே குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யூ.சி. தேறியிருப்பது. பள்ளிச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் பத்திரமாக வையுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்?

நீட் எழுதும் எல்லோருக்கும் எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காது. உயிரியல் படித்தவருக்கு நீட் வழியாகப் பல் மருத்துவம், ஆயுர்வேதம், சித்த மருத்துவம் உண்டு. கர்நாடக சி.இ.டி. வழியாகக் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மருந்தியல், செவிலியர் பட்டப்படிப்பு என்று பல வழிகள் உண்டு. ஆகவே நீட் எழுதும் பிள்ளை சி.இ.டி.யையும் எழுதிவிடட்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த ஆண்டின் கையேட்டை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்தை நிரப்பும் முன் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். நான் அன்று கேட்கவில்லை.