விரால் ஏன் பிள்ளைப்பூச்சிக்குப் பாய்கிறது?

மானாவாரி பூமியான வையம்பட்டி பக்கம் குளம் நிரம்பினால் தூண்டிலும் வெளியே வந்துவிடும். மண்புழுவுக்குக் கெளுத்தி, கெண்டை மாட்டும். வற்றும் குட்டையிலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற விராலுக்கோ துடிக்கிற இரைதான் இஷ்டம். அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு உயிருள்ள வெட்டுக்கிளி கோர்ப்பதும் இதே கணக்குதான்.

காரணம், மீனின் விலாவில் நீளமாக ஓடும் உணர்கோடு. தண்ணீரில் சின்ன அதிர்வு வந்தாலும் அது பிடித்துவிடும். புல் மறைவில் அசையாமல் கிடக்கும் விராலுக்கு, கலங்கல் தண்ணீரிலும் பூச்சி இருக்கும் இடம் தெரிந்துவிடும். செத்த பூச்சிக்கு அந்த அதிர்வு ஏது? அதனால் முள்ளை நடு உடம்பில் குத்தாதீங்க. கழுத்தை மூடிய கெட்டி ஓட்டின் பின்விளிம்பில் மேலாகக் கோர்த்தால் கால்கள் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மழைக்காலத்தில் ஒரு விஷயம் கவனிங்க. தண்ணீர் மேல் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே பூச்சி விழுந்தால் பசிக்காக இல்லை, விரட்டத்தான் பாயும். பிடிப்பது ரொம்ப சுலபம். காவல் போன குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் தீர்த்துவிடும். சிவப்பு மாறி அவை பிரிந்து போகும்வரை அந்த இடத்தை விட்டுவிட்டுத் தள்ளிப் போய்த் தூண்டில் போடுங்க.